பரணில் கிடக்கும் பழைய கிடார் - கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு வரலாறு

கொடைக்கானல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, அப்புறம் வீட்டிலேயே செய்த சாக்லேட். இந்தப் பட்டியலில் கிடாரை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கிடார் என்ற வாத்தியம் எப்படிப் பரவியது என்று யோசித்தால், பழனி மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் அந்தக் கதையில் ஒரு நல்ல பங்கு உண்டு.

இங்கே சொல்லப்போவது லட்ச ரூபாய் கிடார்களைப் பற்றி அல்ல. அவற்றுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, ஏலக் கடைகள் இருக்கின்றன. இது பிளைவுட்டில் செய்த, விலை குறைந்த, பரணிலோ பீரோவுக்கு மேலோ தூசி படிந்து கிடக்கும் பழைய கிடார்களைப் பற்றியது. அவற்றை யாரும் வரலாறாக நினைப்பதில்லை. உடைந்தால் பழைய சாமான் கடைக்குப் போகின்றன, அல்லது குளிர் காய விறகாகின்றன. அவற்றோடு சேர்ந்து எது போகிறது என்பதுதான் கேள்வி.

மலைக்கு ஏறி வந்த வாத்தியம்

பழனி மலையை ஆங்கிலேய அதிகாரி வார்டு 1821ம் ஆண்டு அளவெடுத்தார். 1845ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள் மலேரியாவுக்கும் வெயிலுக்கும் பயந்து மேலே வந்து இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அதுதான். மற்ற மலைவாசஸ்தலங்களைப் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள் உருவாக்கினார்கள், கொடைக்கானலை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள். கிடார் கதைக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ டோலியிலோதான் ஏற வேண்டும். சாமான்கள் எல்லாம் கூலியாட்களின் தலையில். மலைக்கு வண்டி ஏறும் சாலை வந்தது 1910களில்தான். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பியானோவைக் கொண்டு வருவது என்றால் எத்தனை பேரின் தோள் வலித்திருக்கும்! கிடாரின் எடையோ இரண்டு கிலோ சொச்சம். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடலாம்.

1901ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பள்ளி தொடங்கியது. அதுவே 1970களில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் மாறியது. 1950களின் கடைசியிலும் 60களிலும் அமெரிக்காவில் கிடாரோடு நாட்டுப் பாடல் பாடும் அலை பெரிதாக அடித்தது. விடுமுறைக்கு ஊர் போய் வரும் அமெரிக்கப் பிள்ளைகளின் பெட்டியோடு கிடாரும் வந்தது இயல்பே. 1970களில் வந்த ஹிப்பிகளின் தோளிலும் கிடார் தொங்கியது.

இன்னொரு வழியும் இருந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கக் கோவில்களில் லத்தீன் போய் அந்தந்த ஊர் மொழி வந்தது. பாடல்கள் மாறின, வாத்தியங்களும் மாறின. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கிடார் வந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் கிடார் கற்ற பலருக்கு முதல் மேடை சினிமா இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோவில் பாடகர் குழுதான். கத்தோலிக்கக் கோவில்களும் சி.எஸ்.ஐ. கோவில்களும் நிறைந்த கொடைக்கானல் போன்ற ஊர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

அந்தக் கிடார்களைச் செய்தது யார்?

வெளிநாட்டுக் கிடார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். இந்தியாவில் அப்போது நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. கடைக்குப் போய் ஒரு ஜப்பான் கிடாரையோ அமெரிக்கக் கிடாரையோ சாதாரணமாக வாங்கிவிட முடியாது. யாராவது ஊரிலிருந்து கொண்டு வந்தால்தான் உண்டு. கோவில் பையனும் கல்லூரி மாணவனும் வாங்கியது இந்தியக் கிடார்தான். அதில் பெரும்பகுதி வந்த ஊர் கல்கத்தா.

ஏன் கல்கத்தா? இதற்கு ஒரு சுவாரசியமான காரணம் இருக்கிறது. மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டைக் கம்பி மேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் கிடார் 1930களிலும் 40களிலும் அங்கே பெரும் மோகமாக இருந்தது. டாவ் மோ என்ற பசிபிக் தீவுக் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பிறகு வங்காளிகள் ரவீந்திர சங்கீதத்தையே ஹவாய் கிடாரில் வாசிக்க ஆரம்பித்தார்கள். கிராக்கி வந்ததும் பட்டறைகள் வந்தன. லால்பஜார், ரவீந்திர சரணி பகுதிகளின் வாத்தியக் கடைகளும் அவற்றுக்குப் பின்னால் இருந்த கைவினைஞர்களும் சித்தார், ஆர்மோனியத்தோடு கிடாரையும் செய்யத் தொடங்கினார்கள்.

கிப்டோன், கிவ்சன், ஹாப்னர்... கல்கத்தாக் கிடார்களின் பெயர்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அமெரிக்காவின் கிப்சனையும் ஜெர்மனியின் ஹாஃப்னரையும் காதில் விழ வைக்கும் பெயர்கள்! தலைப்பகுதியில் இருக்கும் எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கிப்சன் என்றே தோன்றும். பக்கத்தில் போனால்தான் 'ப்' இருக்க வேண்டிய இடத்தில் 'வ்' இருப்பது தெரியும்.

தெற்கே இவற்றை விற்ற ஊர்களில் முதலாவது சென்னை. 1842ல் மிஸ்க்வித் கம்பெனி என்று தொடங்கி, பிறகு மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறிய மவுண்ட் ரோடு கடை, பியானோ முதல் கிடார் வரை பல தலைமுறைகளுக்கு விற்றது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளும் அந்தக் கடையோடு இணைந்தே சென்னையில் வளர்ந்தன.

அடிவாரத்திலிருந்து ஒருவர்

டிரினிட்டி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழனி மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கில், தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976ல் அன்னக்கிளி வந்தது. 1980ல் வந்த அவருடைய நூறாவது படம் மூடுபனியில் கதாநாயகன் கையில் கிடாரை வைத்துக்கொண்டு பாடினான். 1982ல் பயணங்கள் முடிவதில்லை படத்தின் 'இளைய நிலா' பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிடார், அதற்குப் பிறகு கிடார் தொட்ட ஒவ்வொரு தமிழ்ப் பையனுக்கும் ஒரு நுழைவுத் தேர்வாகவே ஆனது.

அந்தப் பையன்கள் எதில் அதை வாசித்துப் பழகினார்கள்? ஸ்டூடியோவில் இருந்த நல்ல கிடாரிலா? இல்லை. கம்பி விரலை அறுக்கும், நான்காவது ஃப்ரெட்டில் அபஸ்வரம் பேசும் பிளைவுட் கிடாரில். தமிழ்நாட்டின் கிடார் ரசனை வளர்ந்ததே இந்த மட்டமான கிடார்களின் மேல்தான். இசைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பாட்டை எழுதுகிறார்கள், படத்தை எழுதுகிறார்கள், கலைஞரை எழுதுகிறார்கள். கற்றுக்கொண்ட கருவியை விட்டுவிடுகிறார்கள்.

மரம் இங்கே, கிடார் அங்கே

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, கொஞ்சம் வேதனையும் இருக்கிறது.

உலகின் உயர்தரக் கிடார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் நீண்ட காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்தான் பயன்பட்டது. 1960களின் கடைசியில் பிரேசில் அந்த மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969ல் தன் புகழ்பெற்ற கிடார்களை வேறு மரத்துக்கு மாற்றியது. அந்த மரம் இந்திய ரோஸ்வுட். நம் ஊரில் ஈட்டி அல்லது தோதகத்தி என்று சொல்வோமே, அதேதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரம். அந்தத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கே நீளும் கிளையான பழனி மலையின் நடுச்சரிவுகளிலும் அது வளர்கிறது.

ஆக, தென்னிந்திய மலைகளின் ஈட்டி மரம் கப்பல் ஏறி உலகின் விலையுயர்ந்த கிடார்களாக ஆனபோது, அதே மலைகளில் வாழ்ந்த பையன் பிளைவுட் கிடாரை வைத்துக்கொண்டு கம்பி முறுக்கிக் கொண்டிருந்தான்.

பிறகு ஈட்டியும் அரிதானது. தமிழக அரசு 1994ல் ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒரு கிடாரை நாடு விட்டு நாடு விற்கக்கூடக் காகிதம் வேண்டும் என்ற நிலை. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது.

கிடாரின் முன்பலகைக்கு வேண்டிய ஸ்புரூஸ் மரமோ தமிழ்நாட்டில் வளர்வதே இல்லை. கொடைக்கானலில் சினிமாக்காரர்கள் விரும்பும் பைன் காடு 1906ல் பிரையண்ட் தொடங்கி வைத்து நட்டது. ஊசியிலை மரம்தான் என்றாலும் அது ஸ்புரூஸ் இல்லை. அதனால் உள்ளூர்க் கிடாருக்குப் பிளைவுட்டை விட்டால் எளிதில் கிடைக்கும் பலகை வேறு இல்லை.

மலிவு கிடார் ஒரு உலகக் கதை

மலிவான கிடாரைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஹார்மனி கம்பெனி 1892ல் தொடங்கியது. 1916ல் சியர்ஸ் என்ற தபால் வழி விற்பனைக் கம்பெனி அதை வாங்கியது. அட்டவணையைப் பார்த்து, பணம் அனுப்பினால் கிடார் வீட்டுக்கு வரும். ஸ்டெல்லா என்ற பெயரில் வந்த கிடார்கள் இன்னும் எளியவை. உயர்ந்த மரத்தின் ரேகையைச் சாதாரண பிர்ச் மரத்தின் மேல் பெயிண்டால் வரைந்து விற்றதும் உண்டு! ஆனால் கறுப்பின மக்களின் புளூஸ் இசை வளர்ந்ததில் இந்தக் கிடார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லெட்பெல்லி என்ற மாபெரும் பாடகர் வாசித்த பன்னிரண்டு கம்பிக் கிடார் ஸ்டெல்லாதான்.

ஜப்பானில் யமஹா 1966ல் எஃப்ஜி-180 என்ற கிடாரைக் கொண்டு வந்தது. அதன் முன்பலகையும் அடுக்குப் பலகைதான். 1969ல் உட்ஸ்டாக் விழாவில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக மேடை ஏறி அத்தனை லட்சம் பேர் முன்னால் வாசித்தது, இரவல் வாங்கிய ஒரு யமஹா எஃப்ஜி-150ல்!

ஹார்மனி 1975ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே பழைய மலிவுக் கிடார்களுக்கு மவுசு வந்தது. பழுது பார்ப்பவர்கள் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தினார்கள். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எந்த வகை என்று பட்டியல் போட்டார்கள். இன்று ஒரு பழைய ஹார்மனியின் உள்ளே இருக்கும் முத்திரையை வைத்து அது எப்போது செய்தது என்று சொல்லிவிடலாம். ஒரு பழைய கல்கத்தாக் கிடாருக்கு அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. அதைச் செய்த கைவினைஞரின் பெயரும் அதில் கிடையாது. அந்தக் கிடார்தான் அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து.

மலைக் காற்றும் மரமும்

சரி, இந்தக் கிடார்கள் ஏன் கெட்டுப்போகின்றன?

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மேகமும் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். ஜனவரிக்குப் பிறகு காற்று காய்ந்துவிடும். கிடாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். மழைக்காலக் கொடைக்கானலில் அது எங்கோ மேலே இருக்கும். மரம் ஈரத்தைக் குடித்து ரேகைக்குக் குறுக்காக வீங்கும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் அந்தக் கிடாரை வத்தலகுண்டு வழியாக மதுரைக்குக் கொண்டு போனால் சில மணி நேரத்தில் இரண்டு உலகத்தைப் பார்த்துவிடும்.

இங்கேதான் பிளைவுட்டின் பெருமை தெரிகிறது. பிளைவுட்டில் ஒரு அடுக்கின் ரேகை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருக்கும். ஒன்று வீங்க நினைத்தால் இன்னொன்று விடாது. அதனால் ஒற்றைப் பலகையில் செய்த விலையுயர்ந்த கிடார் முன்பலகை வெடித்து நிற்கும் இடத்தில், பிளைவுட் கிடார் வெடிப்பில்லாமல் நிற்கும். ஒலி கொஞ்சம் மந்தம்தான், ஆனால் உயிர் கெட்டி. அடுக்குகளை ஒட்டிய பசை ஈரத்தில் விட்டால்தான் அதற்கு ஆபத்து.

பெரிய எதிரி கம்பியின் இழுப்பு. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடையோடு இரவும் பகலும் இழுக்கின்றன. ஒரு முழு ஆள் பல வருடமாகக் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1920களிலேயே கழுத்துக்குள் திருகி நேராக்கும் இரும்புக் கம்பி ஒன்றை வைத்தது. மலிவான பல பழைய கிடார்களில் அது இல்லை. கழுத்து வளைகிறது, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி கூடுகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உயரம் ஐந்தைத் தாண்டினால் விரல் கிழியும். 'எனக்குக் கிடார் வரவில்லை' என்று விட்டுவிட்ட பலருக்கு வராதது கிடார் இல்லை. அவர்களிடம் இருந்த கிடார் சரியில்லை, அவ்வளவுதான்.

வஜ்ரமும் ஃபெவிகாலும்

பழைய கிடாரைச் சீர் செய்வது என்றால் பளபளப்பாக்குவது இல்லை, வாசிக்க வைப்பது.

முதலில் கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டுக் கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் வளைவு என்றால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் எலும்புத் துண்டைக் கீழ்ப்பக்கம் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். பிளாஸ்டிக் நட் தேய்ந்திருந்தால் மாட்டெலும்பில் புதிது செய்யலாம். ஃப்ரெட்டுகள் மேடு பள்ளமாக இருந்தால் சமமாக அராவி, மறுபடி உருட்ட வேண்டும். துருப்பிடித்த டியூனிங் கீகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டாலே பாதி நோய் போய்விடும். மெல்லிய கம்பி போட்டால் இழுப்பும் குறையும், விரலும் பிழைக்கும்.

பழைய இந்தியக் கிடார்கள் சிலவற்றில் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியிருக்காது. கம்பிகள் அடியில் இருக்கும் இரும்பு டெயில்பீஸில் மாட்டியிருக்கும், பிரிட்ஜ் சும்மா நிற்கும். இதை மட்டம் என்று சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேரவில்லை என்றால் பிரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தினால் போதும்.

அடுத்தது பசை. பழைய தச்சர்கள் பயன்படுத்தியது வஜ்ரம், அதாவது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். பிரித்து, சீர் செய்து, மறுபடி ஒட்டலாம். 1959ல் ஃபெவிகால் வந்தது. தச்சு வேலையே எளிதானது, வஜ்ரம் காய்ச்சும் நாற்றமும் போனது. ஆனால் கிடாரில் ஒரு சிக்கல். ஓயாத இழுப்பில் ஃபெவிகால் ஒட்டு மெல்ல நகரும். பிரித்த பிறகு பழைய ஃபெவிகாலின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். அரால்டைட் போட்டிருந்தால் இன்னும் மோசம், மரம்தான் கிழியும். ஆணி அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்!

ஆக, பழுது பார்ப்பவருக்கு ஒரு தர்மம் உண்டு. அடுத்து வருகிறவர் பிரிக்க முடியாதபடி எதையும் ஒட்டக் கூடாது.

செலவு ஒரு நியாயமான கேள்வி. கழுத்தைக் கழற்றி மாட்டும் கூலி, அந்தக் கிடாரின் விலையைத் தாண்டிவிடலாம். 2001 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் விலகிய பிறகு சீனாவிலும் இந்தோனேஷியாவிலும் செய்த கிடார்கள் கடைகளில் குவிந்தன. அவற்றில் பலவும் பழைய கல்கத்தாக் கிடாரைவிடச் சுருதி சுத்தமானவை. கணக்குப் போட்டால் புதிது வாங்குவதே லாபம். இதை மறைப்பதில் பயனில்லை. லாபத்துக்காகப் பழைய கிடாரைச் சீர் செய்பவர் ஏமாந்து போவார்.

எதை மாற்றக் கூடாது

அப்படியானால் எதற்காகச் சீர் செய்ய வேண்டும்?

ஒரு பழைய மலிவுக் கிடாரின் விரல் பலகையைப் பாருங்கள். பல கிடார்களில் அது கருங்காலி இல்லை, வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியது. வாசிக்க வாசிக்கச் சாயம் போய்விடும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் வெளிறிய வட்டங்கள் இருந்தால், வைத்திருந்தவர் ஸி, ஜி, டி என்று கார்டுகளைப் பிடித்துப் பாட்டுக்குத் துணை வாசித்தவர். கோவில் குழுவாக இருக்கலாம், கல்லூரிக் குழுவாக இருக்கலாம். மேல் ஃப்ரெட்டுகளில் ஒற்றைக் கம்பியின் கீழ் தேய்ந்திருந்தால், அவர் மெட்டு வாசித்தவர். ஒலித்துளைக்குக் கீழே பெயிண்ட் சுரண்டியிருந்தால், வேகமாகத் தட்டி வாசித்த கை. பின்பக்கத்தில் பெல்ட் பக்கிள் கீறல் இருந்தால், அவர் நின்றுகொண்டு வாசித்தவர்.

உள்ளே ஒலித்துளை வழியாகத் தெரியும் காகித லேபிள், கடையின் முத்திரை, தலையில் ஒட்டிய ஸ்டிக்கர், ஆணியால் கீறிய ஒரு பெயரின் முதலெழுத்து... இவை எல்லாம் எந்த நூலகத்திலும் இல்லாத தகவல்கள். கிடாரைப் புதிதாக்குகிறேன் என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துப் புது பாலிஷ் போட்டால், அந்தத் தகவல்கள் ஐந்து நிமிடத்தில் தூளாகிவிடும். கிடார் அழகாகும், சாட்சி செத்துப் போகும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் செய்வது இதுதான். உடைந்ததை ஒட்டுவார்கள், வளைந்ததை நிமிர்த்துவார்கள், கம்பியை மாற்றுவார்கள். லேபிளையும் பெயிண்டையும் தொட மாட்டார்கள். கழற்றிய பழைய உதிரிகளைக்கூட ஒரு கவரில் போட்டுக் கிடாரோடு வைப்பார்கள்.

இது ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்கிறார்கள். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. நாளானால் மெழுகு நகரும், சுருதி விலகும். அப்போது வீணை கெட்டுவிட்டது என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை. மேளம் கட்டுபவரிடம் கொடுத்து மறுபடி கட்டுவார்கள். பாட்டியின் வீணை பேத்திக்கு வருவது அப்படித்தான். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் புது மரத்தைத் தேடுவதில்லை. இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத்தான் தேடுகிறார்கள். காய்ந்து அடங்கிய மரம்தான் நன்றாகப் பாடும் என்பது அவர்கள் அனுபவம்.

வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் கிடைக்கும் இந்தப் பொறுமை, பிளைவுட் கிடாருக்குக் கிடைப்பதில்லை. காரணம் அது மலிவு, அது வெளியிலிருந்து வந்தது, அதற்குப் பரம்பரை இல்லை என்ற எண்ணம். ஆனால் அறுபது எழுபது வருடமாகக் கோவிலிலும் கல்லூரியிலும் கல்யாண மேடையிலும் வாசித்த ஒரு வாத்தியத்தை இன்னும் எத்தனை காலம் வெளியார் என்று சொல்வது?

கொடைக்கானலில் ஒவ்வொரு மழைக்காலமும் இப்படிப்பட்ட கிடார்களில் சில வீணாகின்றன. அதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. கம்பியைத் தளர்த்தி, ஈரச் சுவரில் சாய்க்காமல், அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காமல், துணி சுற்றி வைத்தால் போதும். யார் வாங்கினார்கள், எந்த வருடம், எந்தக் கடை, எந்தக் கோவிலில் வாசித்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி ஒலித்துளைக்குள் போட்டு வைக்கலாம். சீர் செய்யக் காசு இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். கேட்டால் சொல்வதற்கு அந்தப் பெரியவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள்.